தீவிர சிகிச்சையை இங்கேயே கற்பிக்க வேண்டும்

"யாழ்ப்பாணத்தில் வேலை செய்யலாம். ஆனால் தீவிர சிகிச்சையைக் கற்பதற்கு அது இடமில்லை." கொழும்பில் ஒரு கருத்தரங்கின் தேநீர் வேளையில் மூத்த வைத்திய நிபுணர் ஒருவர், என்னோடு நின்ற இளம் வைத்தியரிடம் இப்படிச் சொன்னார். அவர் வடக்கை இளக்காரமாகப் பார்ப்பவர் அல்லர். இங்கே வந்து பணியாற்றியவர், இங்குள்ள மனிதர்களைப் பற்றி இன்றும் அன்போடு விசாரிப்பவர். அந்தத் தம்பியின் எதிர்காலம் நன்றாக அமைய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சொன்னார். காரணங்களையும் அடுக்கினார்: நோயாளர் தொகை போதாது, கற்பிப்பவர்கள் குறைவு, சிக்கலான இதய அறுவையும் ஈரல் மாற்றமும் குழந்தைகளுக்கான பெரிய தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் தலைநகரில்தான் இருக்கின்றன, பயிற்சியை அங்கே முடித்துக்கொண்டு, விருப்பமிருந்தால் பிறகு ஊருக்குப் போகலாம். தம்பி தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே எடுத்தால் மறுக்க இடமில்லை. ஆனால் அவற்றையெல்லாம் கூட்டி அவர் வந்து சேர்ந்த முடிவை என் மனம் அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. ஏன் என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றிய பேச்சு வந்தாலே அது கருவியில்தான் தொடங்கும். எத்தனை கட்டில், எத்தனை வெண்டிலேற்றர், எந்த நாட்டுத் தயாரிப்பு, யார் வாங்கித் தந்தார்கள். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் அப்படி வந்த உபகரணங்கள் உயிர்களைக் காத்தன. அந்த உதவியை ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு வெண்டிலேற்றர் வந்து இறங்கும் நாளில் எடுக்கப்படும் படத்தில், அதிகாலை மூன்று மணிக்கு அதன் முன்னால் நின்று எண்களை மாற்றப்போகிறவர் இருப்பதில்லை. அவரை உருவாக்க எவ்வளவு காலம் எடுக்கும், எங்கே உருவாக்குவது என்று யாரும் கேட்பதுமில்லை.

கருவிக்கும் சிகிச்சைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைக் காட்ட ஓர் ஆய்வு போதும். 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் 861 நோயாளர்களை வைத்துச் செய்யப்பட்டது அது. எல்லோருக்கும் நுரையீரல் கடுமையாகப் பழுதடைந்து செயற்கைச் சுவாசம் கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு, அவர்களின் உயரத்துக்கு ஏற்ற உடல் எடையைக் கணக்கிட்டு, கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் காற்று ஒவ்வொரு மூச்சுக்கும் செலுத்தப்பட்டது. அதுவே அன்றைய வழக்கம். மற்றப் பகுதியினருக்கு அதில் பாதி, 6 மில்லிலீற்றர். முதல் பிரிவில் நூற்றுக்கு 39.8 பேர் இறந்தார்கள்; இரண்டாவது பிரிவில் 31 பேர். கருவிகளில் வேறுபாடு இல்லை, புதிய மருந்து எதுவும் இல்லை. மாற்றியது ஓர் எண்ணை மட்டும். அந்த எண்ணைச் சரியாக வைப்பதற்குப் படுத்திருக்கும் நோயாளரின் உயரத்தை அளவுநாடா பிடித்து அளக்க வேண்டும். கண்மதிப்பில் எடையைப் போட்டுவிட்டு நகரக்கூடாது என்று தெரிந்த ஒரு தாதியும், அதை ஒவ்வொரு காலையும் விடாமல் கேட்கும் ஒரு வைத்தியரும் அங்கே இருக்க வேண்டும்.

கோப்பன்ஹேகனின் கைகள்

இந்தத் துறை பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. 1952 கோடையில் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. பிளெக்டம் வைத்தியசாலையில் முதல் மூன்று வாரங்களில் சுவாசம் தடைப்பட்ட நிலையில் சேர்க்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். நகரம் முழுவதற்கும் இருந்த சுவாசக் கருவிகளைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர், அறுவைக்கூடத்தில் செய்வதையே விடுதியிலும் செய்யலாம் என்றார்: தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுப்பது. ஓகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அதைச் செய்துகாட்டினார். அதன்பிறகு ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு, மாதக்கணக்காக இரவும் பகலும் அந்தப் பைகளை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு இப்சன் அதே நகரில் ஒரு தனிப் பிரிவை அமைத்தார். உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பொதுவாக அதையே சொல்வார்கள்.

என்னைக் கவர்வது அந்த மாணவர்கள்தான். அவர்கள் வெளியூரில் பயின்று வந்தவர்கள் இல்லை. அந்த நகரின் பிள்ளைகள், அந்த நகரின் நோயை, அந்த நகரின் கட்டிலருகே நின்று கற்றார்கள். கற்பதும் காப்பாற்றுவதும் அங்கே ஒரே வேலையாக இருந்தன.

எங்கள் நாட்டில் இந்த இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. வைத்திய நிபுணர் ஆவதற்கு ஒரே வாசல், 1980 இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம். தேர்வில் தெரிவாகி, பயிற்சி நிலையங்களில் வேலை செய்து, எம்.டி. பரீட்சை எழுதி, சிரேஷ்ட நிலைப் பயிற்சியும் வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்து வரவேண்டும். அந்தப் படிப்பின் தரத்தை நான் மதிக்கிறேன். எங்கள் நிபுணர்கள் உலகின் எந்த மூலையிலும் தலைநிமிர்ந்து வேலை செய்வதற்கு அதுவே காரணம். குறை இடத்தில்தான். ஒரு வைத்தியரின் முப்பது வயதை ஒட்டிய ஆண்டுகள், திருமணமும் குழந்தையும் நண்பர்களும் வீடும் அமைகின்ற ஆண்டுகள், பெரும்பாலும் தலைநகரைச் சுற்றியே கழிகின்றன. பிறகு 400 கிலோமீற்றர் வடக்கே நியமனக் கடிதம் வரும்போது அது ஊர் திரும்புவதாக இருப்பதில்லை. வேரூன்றிய ஓரிடத்தை விட்டுப் பிடுங்கப்படுவதாக இருக்கிறது. வருகிறவர்கள் மனச்சாட்சியோடு உழைக்கிறார்கள். ஆனால் கட்டாயக் காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார்கள். அவர்களை நான் குறைசொல்லமாட்டேன்.

எட்டடி விரியன்

என் எண்ணம் உறுதிப்பட்டது ஒரு நோயாளரால். அப்போது நான் வடக்கின் ஒரு வைத்தியசாலையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் இளநிலை வைத்திய அதிகாரி. வன்னிப் பக்கத்தில் நெல்வயல் காவலுக்குப் போன இளைஞர் ஒருவரை அதிகாலையில் கொண்டுவந்தார்கள். வழியிலேயே மூச்சு நின்று, இடையில் ஒரு வைத்தியசாலையில் குழாய் போடப்பட்டிருந்தது. எங்களிடம் வந்தபோது கைகால் அசைவில்லை. நெற்றியை அழுத்தினாலும் நகத்தை அழுத்தினாலும் சிறு சுருக்கமும் இல்லை. இமை திறந்து ஒளி பாய்ச்சினால் கண்மணிகள் அகன்று, அசையாமல் நின்றன. இருமல் இல்லை, தசைநார் எதிர்வினை இல்லை. மூளையில் இரத்தக்கசிவு என்று சந்தேகித்துத் தலையைப் படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூளை நெடுநேரம் பிராணவாயு இல்லாமல் இருந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். மூளைச்சாவு என்ற சொல்லும் கேள்விக்குறியோடு கட்டிலருகே உச்சரிக்கப்பட்டது. பாடநூலைத் திறந்து வைத்துப் பார்த்தால் எல்லாக் குறிகளும் பொருந்தின.

காலைச் சுற்றுக்கு வந்த நிபுணர் அவரைத் தொடுவதற்கு முன் வெளியே போனார். தாய் வாசலில் சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். நிபுணரும் அருகில் குந்தியிருந்து கேட்டார்: "அம்மா, மகன் நேற்று எங்கே படுத்தார்?"

"கொட்டிலில், ஐயா. பாயைப் போட்டு நிலத்தில்தான் படுப்பான்."

"நோ, கடி, வீக்கம் ஏதாவது சொன்னாரா?"

"கடித்ததாகச் சொல்லவில்லை. விடியப்புறம் வயிற்றுக்குத்து என்று எழும்பினானாம். கண்ணைத் திறக்க முடியவில்லை, இமை பாரமாகக் கிடக்கிறது என்று கூடப் படுத்த பெடியனிடம் சொல்லியிருக்கிறான்."

அவர் எழுந்து உள்ளே வந்து எங்கள் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்கச் சொன்னார். "இது எட்டடி விரியன்," என்றார். "இந்தத் தம்பிக்கு மூளை நன்றாக வேலை செய்கிறது. நாம் இப்போது பேசுவதெல்லாம் இவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம்." பிறகு குனிந்து, அந்த இளைஞரின் காதருகே, அவசரமில்லாத குரலில் சொன்னார்: "தம்பி, பாம்பு கடித்திருக்கிறது. அதனால்தான் அசைய முடியவில்லை. மூச்சை மெசின் பார்த்துக்கொள்ளும். சில நாட்களில் கையும் காலும் திரும்பி வரும். பயப்படாதே, அம்மா வெளியே இருக்கிறா." மொனிற்றரில் இதயத்துடிப்பு ஏறி, மெல்ல இறங்கியது. பொறுப்புத் தாதிய சகோதரியின் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

கட்டுவிரியன் என்றும் சொல்லப்படும் அந்தப் பாம்பு இரவில் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல் பதிந்த அடையாளம் பெரும்பாலும் தெரியாது, நோவும் வீக்கமும் மிகக் குறைவு. அதன் நஞ்சு நரம்பு நுனிகளையே சிதைத்து, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அறுத்துவிடும். நுனிகள் சிதைந்தபின் நஞ்சுமுறி மருந்தால் அவற்றை மீட்க முடியாது. அவை தாமாக வளர்ந்து திரும்பும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. கண்மணியைச் சுருக்கும் தசையும் செயலிழப்பதால், ஒளிக்கு அசையாத கண்மணி இங்கே மூளையைப் பற்றி எதையும் சொல்லாது. மூளைச்சாவுப் பரிசோதனையைத் தொடங்குவதற்கு முன் நஞ்சையும் தசை முடக்கத்தையும் விலக்கிவிட வேண்டும் என்று விதிமுறைகள் சொல்கின்றன. விதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடிகாயமில்லாத ஓர் இளைஞரைப் பார்த்த உடனே, எங்கே படுத்தார், வயிறு குத்தியதா என்று கேட்கத் தோன்றுவது விதியைப் படித்ததால் வருவதில்லை. அந்த நிபுணர் தன் பயிற்சியின் ஒரு பகுதியை அனுராதபுரத்தில் கழித்தவர். அங்கே வயலும் பாம்பும் பாயும் அவருக்குப் பாடமாக இருந்தன. அந்தக் கேள்விகளை அவர் கற்றது அங்கேதான்.

சில நாட்கள் கழித்து முதலில் புருவத்தில் ஓர் அசைவு, பிறகு விரலில். கடைசியில் குழாய் எடுக்கப்பட்டது. குரல் தெளிந்ததும் அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, தன் மூளை செத்துவிட்டதென்று சொன்னவர் யார் என்பது. கோபத்தோடு கேட்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டபடி, கத்த முடியாமல், கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்த நேரத்தை எப்படியாவது யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. நாங்கள் நின்று கேட்டோம்.

இந்த மண்ணின் நோய்கள்

அந்தக் காலையிலிருந்து நான் பிராந்தியப் பயிற்சி என்பதை இரண்டாந்தர ஏற்பாடாக நினைத்ததே இல்லை. தீவிர சிகிச்சை எங்கும் ஒரே அறிவியல்தான். சிறுநீரகம் யாழ்ப்பாணத்திலும் கேம்பிரிட்ஜிலும் ஒரே மாதிரியே இயங்குகிறது. ஆனால் கட்டிலுக்கு வரும் நோயாளர் ஓர் இடத்திலிருந்து வருகிறார். அவர் எதைக் குடித்தார், எந்த வெள்ளத்தில் நடந்தார், எத்தனை மணிநேரம் பயணம் செய்தார் என்பதெல்லாம் அவரோடு வருகின்றன. 2024 நவம்பர் கடைசியில் குடாநாடு வெள்ளத்தில் நின்றது. டிசம்பரில் காய்ச்சலோடு வந்தவர்கள் அடுத்தடுத்து மூச்சுத்திணறி இறந்தபோது, இனந்தெரியாத காய்ச்சல் என்று செய்திகள் வந்தன. பிறகு அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. நுரையீரலுக்குள் இரத்தம் கசியும் எலிக்காய்ச்சலை ஒருமுறை கட்டிலருகே நின்று பார்த்த பயிற்சி வைத்தியர், அடுத்த மாரியில் சேற்றுக் கால்களோடு வரும் விவசாயியிடம் எதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். டெங்குவும் அப்படித்தான். இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும் அந்த 24 முதல் 48 மணிநேரத்தில் நாளத்தின் வழியே ஏற்றும் நீரைக் குறைவாகக் கொடுத்தாலும் ஆபத்து, கூடக் கொடுத்தாலும் நுரையீரல் நனையும். இந்த நுணுக்கத்தில் இலங்கை வைத்தியர்கள் உலகுக்கே கற்பிக்கக்கூடியவர்கள்.

மேல்நாட்டு நெறிமுறையை அப்படியே கொண்டுவந்து பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கசப்பான சான்றும் இருக்கிறது. சாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில் கிருமித்தாக்கத்தால் இரத்த அழுத்தம் விழுந்த நோயாளர்களுக்கு, செல்வந்த நாடுகளில் பின்பற்றப்பட்ட வேகமான நாளவழி நீர்ச் சிகிச்சையை ஒரு பிரிவினருக்கும், அங்கே வழக்கமாகக் கொடுக்கும் சிகிச்சையை மற்றப் பிரிவினருக்கும் கொடுத்தார்கள். 2017 இல் முடிவு வெளியானது. வேகமான நெறிமுறைப் பிரிவில் நூற்றுக்கு 48.1 பேர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 33 பேர். நோயாளர்களில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள், நீர் கூடி நுரையீரல் திணறினால் தாங்குவதற்குத் தேவையான வெண்டிலேற்றர்களும் அங்கே போதாது. அந்த ஆய்வைச் செய்தவர்கள் அங்கேயே இருந்து, அங்கே உள்ள நோயாளரிடம் கேள்வி எழுப்பினார்கள். பயிற்சி நடக்கும் இடத்தில்தான் அப்படிப்பட்ட கேள்வி எழும். பயிலுநர் இல்லாத விடுதியில் வேலை நடக்கும். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பயிலுநர் ஒருவர் வந்து நின்றாலே நிபுணர் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. இறப்புகளை மீளாய்வு செய்யும் கூட்டம் தவறாமல் நடக்கிறது. தாதியரும் இயன்முறை சிகிச்சையாளரும் அந்தப் பேச்சுக்குள் வருகிறார்கள். மாணவரால் விடுதியே படிக்கத் தொடங்குகிறது.

மருந்தாலும் கருவியாலும் தீராத ஒரு பகுதியும் இந்த வேலையில் உண்டு. இனிப் பயனில்லை என்று தெரிந்த பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது. எங்கள் ஊரில் அந்தப் பேச்சு வாசலில் நிற்கும் தாயோடு முடிவதில்லை. மூத்த மகன் ரொறன்ரோவில், மகள் பாரிசில், தம்பி சுவிசில். முடிவு எடுக்கிறவர் பெரும்பாலும் தொலைபேசித் திரைக்குள் இருக்கிறார். அங்கே நள்ளிரவு. அவர் பல்லாண்டுகளாகத் தகப்பனைக் கண்ணால் காணாதவர். போர் பிரித்து வைத்த தகப்பன். "எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், டொக்டர், காசு பிரச்சினை இல்லை" என்று அவர் சொல்லும்போது அதற்குள் எவ்வளவு குற்றவுணர்வும் எவ்வளவு பாசமும் இருக்கின்றன என்பதை உணர்ந்து பதில் சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து வந்து, தமிழைக் கற்று, இதை எங்களைவிடப் பொறுமையாகச் செய்த சிங்கள வைத்தியர்களை நான் அறிவேன். அவர்களுக்கு எங்கள் ஊர் கடன்பட்டிருக்கிறது. அவர்கள் அதைக் கற்றதும் இங்கே வந்து, அந்த வாசலில் நின்றபடிதான்.

போவதும் திரும்புவதும்

பெரிய நிலையங்களின் அனுபவம் வேண்டும் என்று அந்த மூத்த நிபுணர் சொன்னதை நான் மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் இதற்கு வழி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. இங்கிலாந்தில் தீவிர சிகிச்சை மருத்துவத்துக்கான பீடம் 2010 இல் அமைந்தது. 2012 முதல் அது தனித்துறைப் பயிற்சியாக நடக்கிறது. மயக்கமருந்தியலோடும் பொது மருத்துவத்தோடும் சேர்த்து மொத்தம் குறைந்தது ஏழு ஆண்டுகள். முக்கியமானது என்னவென்றால், பயிலுநரை ஒரு பிராந்தியம் ஏற்றுக்கொள்கிறது. நான் சிலகாலம் வேலை செய்த கிழக்கு இங்கிலாந்தில் அப்படித்தான். நரம்பியல் தீவிர சிகிச்சைக்குக் கேம்பிரிட்ஜின் அடன்புரூக்ஸ், இதயத்துக்குப் பாப்வேர்த், பிறகு நொறிச், இப்சுவிச், கடலோரம் இருக்கும் கிங்ஸ் லின் போன்ற ஊர்களின் வைத்தியசாலைகள். இதயம், நரம்பியல், குழந்தைகள் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம் போய்க் கற்றுவிட்டுத் தன் பிராந்தியத்துக்கே திரும்புகிறார்கள். கிங்ஸ் லின் விவசாயிகளும் மீனவர்களும் வாழும் ஊர். அங்கே ஒரு பயிலுநருக்குக் கட்டில் எண்ணிக்கை குறைவென்று யாரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. ஒரு நோயாளரை எப்போது கேம்பிரிட்ஜுக்கு அனுப்ப வேண்டும், எப்போது அனுப்பாமல் தானே தாங்க வேண்டும் என்ற தீர்மானத்தை அந்தச் சிறிய இடத்தில்தான் கற்கிறார்கள். பெரிய நிலையத்தில் மட்டும் பயின்றவருக்கு அந்தத் தீர்மானம் ஒருபோதும் வாய்ப்பதில்லை. அவர் எப்போதும் ஏற்றுக்கொள்ளும் முனையில் நிற்பவர்.

வடக்கின் படத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் 1978 இல் தொடங்கிய மருத்துவ பீடமும். சுற்றிப் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள். தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், சுமார் 140 கிலோமீற்றர் தள்ளி வவுனியா. மேற்கே படகேறி வரவேண்டிய நெடுந்தீவு. 1990 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கு வந்தபின், முன்பு வழியிலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் இப்போது உயிரோடு வாசலுக்கு வருகிறார்கள். அதாவது தீவிர சிகிச்சையின் தேவை கூடியிருக்கிறது. ஒரு பயிலுநர் தன் அடிப்படை ஆண்டுகளை இந்த வட்டத்துக்குள் கழித்து, குழந்தைகளுக்காகக் கொழும்பு சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலைக்கும், ஈரலுக்கும் இதயத்துக்கும் தலைநகரின் மற்ற நிலையங்களுக்கும் சில மாதங்கள் போய்த் திரும்பினால், அவரிடம் என்ன குறையும்?

கற்பிக்க ஆளில்லை என்ற காரணம்தான் உண்மையில் கனமானது. பயிற்சி நிலையமாக ஏற்கப்படுவதற்கு நிபுணர்கள் வேண்டும். பயிற்சி இல்லாததால் நிபுணர்கள் தங்குவதில்லை. இந்த வளையம் தானாக அறுபடாது. தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு வெளியிலிருந்து ஆசிரியர்கள் முறைவைத்து வரவேண்டும். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் தீவிர சிகிச்சை நிபுணர்களாக இருக்கும் எங்கள் மருத்துவ பீடத்தின் பழைய மாணவர்களில் பலர் ஆண்டில் சில வாரங்கள் வந்து கற்பிக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். என்னிடம் நேரடியாகச் சொன்னவர்களும் உண்டு. தேசிய மின்சாரம் இல்லாத 1990களின் முற்பகுதியில், விளக்கு வெளிச்சத்தில் இதே ஊரில் மருத்துவம் கற்பிக்கப்பட்டது, வைத்தியர்கள் உருவானார்கள். அவர்களில் சிலர்தான் இன்று உலகின் பெரிய தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நடத்துகிறார்கள். இந்த ஊர் கற்பிக்கத் தகுதியற்றது என்பதை நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்?

இந்தச் சிக்கல் புதியதும் அல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். கற்றுத் தேறியவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போனார்கள். கிராமத்தில் இருந்த நோயாளர் அப்படியே இருந்தார். தமிழில் கற்பித்தால் தங்கள் மக்களிடையே தங்குவார்கள் என்று எண்ணி அவர் தமிழுக்கு மாறினார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். நான் இன்று தீவிர சிகிச்சையைத் தமிழில் கற்பிக்கச் சொல்லவில்லை. பரீட்சையும் ஆய்வும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் எங்கே, எப்படிக் கற்பித்தால் வைத்தியர் நோயாளரின் அருகில் தங்குவார் என்பதைப் பயிற்சியைத் திட்டமிடும்போதே யோசித்தாரே, அந்த யோசனை இன்றைய திட்டங்களில் காணவில்லை.

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன வைத்தியர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சம்பளம் ஒரு காரணம், ஐயமில்லை. ஆனால் தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள் என்னிடம் சொல்வது வேறு: தனிமை. முழு மாவட்டத்துக்கும் ஒருவர் மட்டும் பொறுப்பென்றால் இரவுகளைப் பகிர ஆளில்லை. தந்தையின் ஆண்டுத் திதிக்கு விடுப்பு எடுப்பதற்குக்கூட நெஞ்சு துணியாது. எடுத்த முடிவு சரியா என்று கேட்க ஒரு சகபாடி இல்லை. பயிலுநர்கள் இருவர் வந்தால் அந்த நிபுணரின் இரவு மாறும், அவர் இன்னும் சில ஆண்டுகள் தங்குவார், அந்தப் பயிலுநர்களில் ஒருவராவது இங்கே வீடு பார்க்கத் தொடங்குவார்.

முதலில் ஆறு மாதம் போதும். அடுத்த தெரிவில் வரும் பயிலுநர்களில் ஒருவருக்காவது தீவிர சிகிச்சையின் அடிப்படைக் காலத்தை வடக்கில் தருவதற்குப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திடம் கேட்க வேண்டும். அதில் நான்கு மாதம் யாழ்ப்பாணத்தில், இரண்டு மாதம் வவுனியாவிலோ மன்னாரிலோ. நோயாளரை மாற்றி அனுப்பும் அம்புலன்ஸில் அவரும் ஏறி வரவேண்டும். வாரத்தில் ஒருநாள் மருத்துவ பீடத்தில் தாதியரோடு சேர்ந்து வகுப்பு. அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு தேவை. இரவில் அழைப்பு வந்தால் உடனே ஓடிவரக்கூடிய தூரம். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஓராண்டு வாடகை, ஒரு வெண்டிலேற்றரின் விலையில் சிறு பங்கு. கொடுக்க விரும்பி என்னிடம் விசாரிக்கும் உறவுகளிடம் இப்போது நான் அந்த வாடகையைத்தான் கேட்கிறேன்.